புதுச்சேரி பில்களில் மட்டும் வராத இரட்டிப்பு: ஒரு பாக்கிப் பட்டியலைச் சீரமைத்த பதிவு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிவிசி குழாயும் மின்கம்பியும் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையின் பாக்கிப் பட்டியல், இந்த மாதம் கணக்குப்பிள்ளை கையால் எழுதி வைத்திருக்கும் பேரேட்டோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போனது. அதுவரை கணினி கொடுத்த பட்டியலில் நெல்லிக்குப்பம், பண்ருட்டி வாடிக்கையாளர்களின் பாக்கி மலைபோல் உயர்ந்து நின்றது. சிலர் பெயரே பட்டியலில் இல்லை. தரவுத்தளத்தின் பல அட்டவணைகளை இணைத்து எடுக்கும் எஸ்.க்யூ.எல். வினவலில் (தரவைக் கேட்டுப் பெறும் கட்டளையில்) வரிசைகள் பெருகிவிடுவது இத்தொழிலில் எல்லோரும் அறிந்த தொல்லைதான் என்றாலும், ஒரே வினவலில் அது எத்தனை வழிகளில் நுழைய முடியும் என்பதை இந்தக் கடையில்தான் ஒருசேரப் பார்த்தேன். வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கடையில் இருந்தது 8 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மேசைக் கணினி. அதில் மரியாடிபி 10.6 என்னும் தரவுத்தள மென்பொருள். பில் போடும் மென்பொருளை முன்பு யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். அறிக்கைகளுக்கான வினவல்கள் தனிக் கோப்புகளாக இருந்ததால் மென்பொருளைத் தொடாமலேயே அவற்றை மாற்ற முடிந்தது. முதல் வேலையாக மைஎஸ்க்யூஎல்டம்ப் என்னும் படியெடுக்கும் கருவி கொண்டு முழுத் தரவுத்தளத்தையும் 450 ரூபாய்க்கு வாங்கிய பென் டிரைவில் படியெடுத்து, அந்தப் படியை என் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டேன். வினவல் எழுத ஹெய்டிஎஸ்க்யூஎல், கூட்டிச் சரிபார்க்க லிப்ரே ஆபீஸ் கால்க் ஆகிய இரண்டும் இலவசம். ஆக, கைக்காசாகச் செலவானது அந்தப் பென் டிரைவ் மட்டுமே.

பாக்கிப் பட்டியலுக்கு வேண்டிய அட்டவணைகள் நான்கு: வாடிக்கையாளர், பில், பில் வரி (ஒவ்வொரு பில்லிலும் விதித்த சரக்கு சேவை வரி), வசூல். பில் அட்டவணையில் சுமார் 38,000 வரிசைகள் இருந்தன. பில் வரியில் சுமார் 71,000. இந்த இரண்டு எண்களையும் தொடக்கத்திலேயே தாளில் குறித்து வைத்திருந்தேன், ஆனால் அவற்றுக்கு இடையிலுள்ள விகிதம் சொல்லும் செய்தி உடனே பிடிபடவில்லை. அதைப் பிடித்தவர் கணக்குப்பிள்ளை. பட்டியலில் சிவப்புப் பேனாவால் குறித்துக்கொண்டே வந்தவர், "தம்பி, பாண்டிக் கடைக்காரங்க கணக்கு நிறைய சரியா இருக்குது, நம்மூர் ஆளுங்க கணக்குதான் ரெண்டு மடங்கா நிக்குது" என்றார்.

கடலூரிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான், எல்லையோ அதற்கும் வெகு முன்னரே வந்துவிடுகிறது. ஆனால் சரக்கு சேவை வரியைப் பொறுத்தவரை அது வேறு மாநிலம். தமிழ்நாட்டின் மாநிலக் குறியீடு 33, புதுச்சேரியுடையது 34. கடையில் விற்கும் சரக்குகள் எல்லாம் 18 விழுக்காட்டு வரிக்கு உரியவை. தமிழ்நாட்டு வாடிக்கையாளருக்குப் போடும் பில்லில் அந்த 18 விழுக்காடு, மத்திய வரி 9, மாநில வரி 9 என்று இரண்டு வரிசைகளாகப் பில் வரி அட்டவணையில் பதிவாகிறது. புதுச்சேரி வாடிக்கையாளருக்கு ஒருங்கிணைந்த வரி 18 என்று ஒரே வரிசை. பில்லோடு பில் வரியை இணைத்தவுடன் உள்ளூர்ப் பில் ஒவ்வொன்றும் இரண்டு முறை வருகிறது, புதுச்சேரிப் பில் ஒரு முறை வருகிறது. 38,000 பில்லில் ஏறத்தாழ 33,000 தமிழ்நாட்டுக்கு, 5,000 புதுச்சேரிக்கு. 66,000 உடன் 5,000 சேர்ந்தால் 71,000. தாளில் குறித்த எண் தானாகப் பேசியது.

அதன் பிறகு முழு அறிக்கையை வைத்துக்கொண்டு போராடுவதை விட்டுவிட்டு, நெல்லிக்குப்பத்து வாடிக்கையாளர் ஒருவரின் ஒரே ஒரு பில்லை எடுத்துக்கொண்டேன். சரக்கு மதிப்பு 40,000. மத்திய வரி 3,600. மாநில வரி 3,600. பில் தொகை 47,200. அதற்கு 20,000, 15,000 என்று இரண்டு வசூல்கள். உண்மைப் பாக்கி 12,200. பில் அட்டவணையை மட்டும் கேட்டால் ஒரு வரிசை. பில் வரியை இணைத்தால் இரண்டு. வசூலையும் இணைத்தால் நான்கு, ஏனென்றால் இரண்டு வரி வரிசைகளில் ஒவ்வொன்றும் இரண்டு வசூல்களோடும் சேர்கிறது. அந்த நான்கையும் கூட்டினால் பில் தொகை 1,88,800, வசூல் 70,000, பாக்கி 1,18,800. பில்லில் உள்ள மூன்று சரக்குகளையும் இணைத்துப் பார்த்தபோது பன்னிரண்டு வரிசைகள் வந்தன. இந்தப் பெருக்கலில் தரவுத்தளத்தின் பிழை எதுவுமில்லை. வரியும் வசூலும் தனித்தனியே பில்லோடு உறவுடையவை, ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாதவை. அவற்றை ஒரே வினவலில் பக்கம் பக்கமாக நிறுத்தினால் எல்லாச் சேர்க்கைகளும் வரத்தான் செய்யும்.

ஒவ்வொரு இணைப்புக்குப் பின்னும் வரிசைகளை எண்ணுவது சலிப்பான வேலைதான். ஆனால் எந்த இணைப்பில் எண்ணிக்கை ஏறுகிறது என்பதை வேறு எந்த வழியிலும் இவ்வளவு விரைவாகக் காண முடியவில்லை. ஒரே பில்லில் செய்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

பழைய வினவலை எழுதியவரும் இந்தப் பெருக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கும் கட்டளையான செலக்டுக்குப் பக்கத்தில், ஒரே மாதிரியான வரிசைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் டிஸ்டிங்க்ட் என்று போட்டிருந்தார். அது போதாதபோது சம் என்னும் கூட்டல் சார்புக்குள்ளும் டிஸ்டிங்க்டை நுழைத்திருந்தார். நானும் முதலில் அதையே சற்று ஒழுங்குபடுத்திப் பார்க்கலாம் என்று நினைத்துச் சில வடிவங்களை ஓட்டினேன். மேலே சொன்ன ஒரே பில்லுக்கு அது என்ன செய்கிறது என்று பார்த்தபோது அந்த எண்ணம் போய்விட்டது. மத்திய வரியும் மாநில வரியும் எப்போதும் சமமான தொகைகள். சம் டிஸ்டிங்க்ட் இரண்டு 3,600களைக் கண்டதும் ஒன்றை விட்டுவிட்டு, வரி மொத்தம் 3,600 என்று சொல்கிறது. சரியான விடை 7,200. தமிழ்நாட்டுப் பில் ஒவ்வொன்றிலும் வரி பாதியாகிறது, புதுச்சேரிப் பில்லில் மட்டும் சரியாக இருக்கிறது. முன்பு இரட்டிப்பு எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் இப்போது குறைவு.

வசூலிலும் இதே கதைதான். ஒரு வாடிக்கையாளர் ஒரே நாளில் இரண்டு தவணையாக ஐயாயிரம் ஐயாயிரம் கட்டினால், தேதியும் தொகையும் மட்டும் தேர்ந்தெடுக்கும் டிஸ்டிங்க்ட் வினவல் ஒன்றைத்தான் காட்டும். அது ஒப்பிடுவது தேர்ந்தெடுத்த புலங்களின் (அட்டவணைப் பத்திகளின்) மதிப்பை மட்டுமே; அந்த இரண்டு ஐயாயிரங்களும் இரண்டு வேறு ரசீதுகள் என்பது அதற்குத் தெரிய வழியில்லை. பழைய ஆண்டு வசூலையும் இவ்வாண்டு வசூலையும் யூனியன் கொண்டு சேர்த்திருந்த இன்னொரு அறிக்கையிலும் இதே காரணத்தால் ரசீதுகள் காணாமல் போயிருந்தன. அங்கே, ஒத்த வரிசைகளை நீக்காத யூனியன் ஆல் என்று மாற்றியதோடு முடிந்தது.

வரிசைகளைக் குழுவாக்கும் குரூப் பை என்னும் கட்டளையிலும் ஓர் ஓட்டை இருந்தது. பழைய வினவல்களில் ஒன்று பில் எண்ணால் குழுவாக்கிவிட்டு, வரித் தொகையை எந்தக் கூட்டல் சார்பும் இல்லாமல் அப்படியே கேட்டிருந்தது. மைஎஸ்க்யூஎல் 5.7.5 முதல் இத்தகைய வினவலை இயல்பாகவே மறுத்துவிடும். மரியாடிபியில் ஒன்லி ஃபுல் குரூப் பை என்னும் அமைப்பை நாமே இயக்கினால்தான் மறுக்கும், இல்லாவிட்டால் குழுவிலிருந்து ஏதோ ஒரு வரிசையின் மதிப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். அதை இயக்கியவுடன் பழைய அறிக்கைகளில் சில ஓட மறுத்தன. மறுத்தவை எல்லாம் பார்க்க வேண்டியவையாகவே இருந்தன.

சரியான வடிவம் எழுதுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேவைப்பட்டது: இந்த அறிக்கையில் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது? பாக்கிப் பட்டியலில் அது ஒரு வாடிக்கையாளர். அப்படியானால் இணைப்புக்கு வரும் ஒவ்வொன்றும் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு வரிசைக்கு மேல் இல்லாதபடி முதலிலேயே சுருங்கி வர வேண்டும். வித் என்று தொடங்கி, வாடிக்கையாளர் வாரியாகப் பில் தொகையைக் கூட்டும் ஒரு துணை வினவல், வாடிக்கையாளர் வாரியாக வசூலைக் கூட்டும் ஒரு துணை வினவல், பில் வரியைப் பில் அட்டவணையோடு சேர்த்து வாடிக்கையாளர் வாரியாகக் கூட்டும் ஒரு துணை வினவல் என்று மூன்றை எழுதினேன். வாய்விட்டுப் படித்தால் அவற்றில் ஒன்று இப்படி ஒலிக்கும்: செலக்ட் வாடிக்கையாளர் எண், சம் தொகை, ஃப்ரம் வசூல், குரூப் பை வாடிக்கையாளர் எண். பிறகு வாடிக்கையாளர் அட்டவணையை முதலில் வைத்து, இந்த மூன்றையும், எதிரில் வரிசை இல்லாத வாடிக்கையாளரையும் விடாமல் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயினால் இணைத்தேன். கூட்டல் எல்லாம் இணைப்புக்கு முன்பே முடிந்துவிடுவதால் பெருகுவதற்கு அங்கே எதுவும் இல்லை. வசூலே இல்லாதவருக்கு ‘நல்’ என்னும் வெற்று மதிப்பு வருவதால், கோஅலெஸ் கொண்டு அதைச் சுழியமாக்கிய பிறகுதான் கழித்தேன். இல்லாவிட்டால் பாக்கியே நல் ஆகிவிடும்.

வாடிக்கையாளர் மட்டத்தில் கூட்டியதில் எதிர்பாராத ஓர் ஆதாயமும் கிடைத்தது. சிலர் எந்தப் பில்லுக்கு என்று சொல்லாமல் மொத்தமாகப் பணம் கொடுப்பதுண்டு. அந்த வசூல் வரிசைகளில் பில் எண் காலியாக இருந்தது. பில் எண்ணைப் பிடித்து இணைத்த பழைய வினவலில் அவை ஒருபோதும் வந்ததில்லை.

இவ்வாண்டுக்கு மட்டும் ஓட்டியபோது பேரேட்டோடு பெரும்பாலும் ஒத்துவந்தது. பில் வாரியான பட்டியலையும் இதே முறையில் எழுதி, அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஓட்டியவுடன் புதுச்சேரிக் கணக்குகளும் சேர்ந்து கெட்டன. பில் எண் ஒவ்வொரு ஏப்ரல் முதல் தேதியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. சரக்கு சேவை வரி விதியும் பில் வரிசை எண் ஒரு நிதியாண்டுக்குள் தனித்தன்மையுடன் இருந்தால் போதும் என்றுதான் கேட்கிறது. ஆகவே பில் எண் 215 என்பது ஒரு பில் அன்று. ஆண்டுக்கு ஒன்றாக அத்தனை பில்கள். இணைப்பு நிபந்தனையில் பில் எண்ணோடு நிதியாண்டையும் சேர்த்தபின் அது தீர்ந்தது. பழைய வினவலில் இதை மறைத்து வைத்திருந்தது, வரிசைகளை வடிகட்டும் ‘வேர்’ என்னும் பகுதியில் மூன்று அட்டவணைகளுக்கும் தனித்தனியே போட்டிருந்த ஆண்டு நிபந்தனைகள். அவற்றில் வசூலின் ஆண்டு மீதான நிபந்தனை இன்னொரு தீங்கையும் செய்திருந்தது: வசூலே இல்லாத பில்லுக்கு லெஃப்ட் ஜாயின் கொடுக்கும் காலி வரிசையை அது வெளியேற்றிவிடுகிறது. ஒரு பைசா கூடக் கட்டாதவர்களின் பெயர்கள்தாம் பாக்கிப் பட்டியலில் இல்லாமல் போயிருந்தன. அந்த நிபந்தனையை ‘வேர்’ பகுதியிலிருந்து எடுத்து, இணைப்பு நிபந்தனையை எழுதும் ‘ஆன்’ பகுதிக்கு மாற்றியதும் அவர்கள் திரும்பி வந்தார்கள். பட்டியலைப் பார்த்த முதலாளி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

இணைப்பில் பிறக்கும் இரட்டிப்பு ஒன்று, அட்டவணையிலேயே குடியிருக்கும் இரட்டிப்பு இன்னொன்று. இரண்டாவதை எந்த வினவல் நயத்தாலும் தீர்க்கக் கூடாது, தரவைத்தான் திருத்த வேண்டும். பில் எண், ஆண்டு, வரி வகை மூன்றாலும் குழுவாக்கி, ஹேவிங் கவுண்ட் ஒன்றுக்கு மேல் என்று கேட்டபோது, ஒரே பில்லுக்கு மத்திய வரி இரண்டு முறை பதிவான சில இடங்கள் கிடைத்தன. படி எடுத்து வைத்திருந்த துணிவில், கூடுதலானவற்றை நீக்கிவிட்டு, அந்த மூன்று புலங்களின் மீதும், ஒரே சேர்க்கை இரண்டாம் முறை பதிவாகாமல் தடுக்கும் யுனீக் இண்டெக்ஸ் ஒன்றை இட்டேன்.

வாடிக்கையாளர் அட்டவணையில் சிக்கல் வேறு விதமாக இருந்தது. வரி அறிக்கை ஒன்று வாடிக்கையாளரை அவருடைய எண்ணால் தேடாமல் ஜிஎஸ்டி எண்ணால் தேடியது. பதினைந்து எழுத்துள்ள அந்த எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்து நிறுவனத்தின் பான். ஒரே நிறுவனம் கடலூரிலும் சிதம்பரத்திலும் கடை வைத்திருந்தால், பொதுவாக இரண்டுக்கும் ஒரே ஜிஎஸ்டி எண். கடையோ கிளைகளை இரண்டு வாடிக்கையாளர்களாகப் பதிந்திருக்கிறது, பாக்கியையும் தனித்தனியே பார்க்க விரும்புகிறது. அங்கே இரட்டிப்புப் பதிவு என்று நீக்குவதற்கு ஒன்றுமில்லை. இணைப்பை வாடிக்கையாளர் எண்ணுக்கு மாற்றினேன், அவ்வளவுதான்.

பகுதி வாரியான பட்டியலும் கேட்டார்கள். அதற்காக அஞ்சல் குறியீட்டு எண்களின் அட்டவணை ஒன்றை யாரோ முன்பே ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரு குறியீட்டு எண்ணின் கீழ்ப் பல அஞ்சலகங்கள் இருக்கும் என்பதால், அந்த எண்ணைக் கொண்டு இணைத்தால் ஒரு வாடிக்கையாளர் அத்தனை ஊர்களிலும் தோன்றுவார். தவிர, 607 என்று தொடங்கினால் கடலூர் மாவட்டம், 605 என்று தொடங்கினால் புதுச்சேரி என்று வைத்துக்கொள்ளவும் இந்தப் பக்கம் இடமில்லை: புதுச்சேரியைச் சேர்ந்த பாகூருக்கு 607, தமிழ்நாட்டின் விழுப்புரத்துக்கு 605. ஆகவே அந்த அட்டவணையை விட்டுவிட்டு, வாடிக்கையாளர் பதிவிலேயே பகுதி என்று ஒரு புலம் சேர்த்தோம். கணக்குப்பிள்ளை பொறுமையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பினார்.

டிஸ்டிங்க்ட் எங்குமே ஆகாது என்று சொல்ல மாட்டேன். இவ்வாண்டு சால்வெண்ட் சிமெண்ட் என்னும் குழாய் ஒட்டும் பசையை வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் கேட்டபோது, இணைத்துவிட்டு டிஸ்டிங்க்ட் போட்டாலும், எக்ஸிஸ்ட்ஸ் என்று எழுதினாலும் ஒரே பெயர்கள்தாம் வந்தன, வாடிக்கையாளர் எண்ணையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருந்ததால். நான் எக்ஸிஸ்ட்ஸை வைத்துக்கொண்டேன். வாங்கினாரா இல்லையா என்பதுதான் கேள்வி, எத்தனை முறை என்பதன்று. அதை அப்படியே சொல்லும் வடிவம் அது. நாளை யாராவது அந்த வினவலில் ஒரு தொகைப் புலத்தைச் சேர்த்தாலும் அது கெடாது.

அதிக நேரம் பிடித்தது இருப்பு மதிப்பு அறிக்கை. விலைப்பட்டியலில் ஒவ்வொரு சரக்குக்கும் விலை மாறிய தேதிகளோடு பல வரிசைகள். கடைசித் தேதியை மேக்ஸ் கொண்டு எடுத்து, அதை மறுபடி விலைப்பட்டியலோடு இணைத்தேன். குழாய்களுக்கு ஒத்துவந்தது, மின்கம்பிக்கு ஒத்துவரவில்லை. செம்பு விலை ஏறும் நாட்களில் ஒரே தேதியில் காலையும் மாலையும் விலையை மாற்றி ஏற்றியிருந்தார்கள்; கடைசித் தேதிக்கு இரண்டு விலைகள், ஆகவே இரண்டு வரிசைகள். இடம் கணக்கிடும் ரேங்க் சார்பைப் பயன்படுத்தினாலும் சமமானவை இரண்டும் ஒன்றாம் இடத்தில் நிற்கும். சமமானவற்றுக்கும் தனித்தனி வரிசை எண் இடும் ரோ நம்பர் சார்பில், சரக்கு வாரியாகப் பிரிக்க பார்ட்டிஷன் பை சரக்கு எண் என்றும், ஆர்டர் பையில் தேதியையும் அதற்கடுத்துப் பதிவு எண்ணையும் இறங்குமுகமாக வைத்தும், ஒன்றாவது வரிசையை மட்டும் எடுத்தபின் சரியானது. இந்தச் சார்புகள் மரியாடிபியில் 10.2 முதலும் மைஎஸ்க்யூஎல்லில் 8.0 முதலும் உள்ளன. பதிவு எண் என்னும் அந்த இரண்டாவது அடுக்கை விட்டால், ஒரே வினவல் இரண்டு முறை ஓடும்போது இரண்டு விலைகளைக் கொடுக்கக் கூடும்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பாக்கிப் பட்டியல் அந்தக் கணினியில் சுமார் 14 விநாடி எடுத்தது. பெருகிய வரிசைகளை எல்லாம் உருவாக்கி, அடுக்கி, பிறகு டிஸ்டிங்க்ட் கொண்டு தள்ளுவதில்தான் அந்த நேரம் போனது. வசூலில் வாடிக்கையாளர் எண்ணுக்கும், பில் வரியில் ஆண்டு, பில் எண் இரண்டுக்கும் விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் இட்ட பிறகு புதியது ஒரு விநாடிக்குள் முடிகிறது. வேகத்துக்காகச் செய்த வேலையன்று இது.

சரிபார்ப்புக்கு இரண்டு சிறு வினவல்களைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன். ஒன்று, அறிக்கையின் பில் தொகை மொத்தத்தையும் பில் அட்டவணையை நேரே கூட்டினால் வரும் மொத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். மற்றொன்று, அறிக்கையில் ஒன்றுக்கு மேல் வரும் வாடிக்கையாளர் எண்களைத் தேடும்; அது வெறுமையாக வர வேண்டும். இன்னொரு முறை இத்தகைய வேலை கிடைத்தால், வினவலைத் திறப்பதற்கு முன்பே ஒவ்வொரு அட்டவணைக்கும் எந்தப் புலங்கள் சேர்ந்து ஒரு வரிசையைத் தனித்து அடையாளம் காட்டுகின்றன என்று எழுதி, குரூப் பை ஹேவிங் கொண்டு அதைச் சோதித்துவிடுவேன். நிதியாண்டு, ஜிஎஸ்டி எண், விலைத் தேதி என்னும் மூன்று சிக்கல்களும் அந்த ஒரு சோதனையில் முதலிலேயே வெளிப்பட்டிருக்கும்.

பில் வரியில் இட்ட யுனீக் இண்டெக்ஸ் இப்போது வேறொன்றைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. ஏற்கெனவே போட்ட பில்லைத் திருத்திச் சேமித்தால், சில வேளை டூப்ளிகேட் என்ட்ரி என்று பிழைச் செய்தி வருகிறதாம். திருத்தும் திரை பழைய வரி வரிசைகளை நீக்காமலேயே புதியவற்றைச் சேர்க்க முயல்கிறது. அட்டவணையில் குடியிருந்த இரட்டிப்புகள் அந்த வழியாகத்தான் வந்திருக்கின்றன. அந்த நிரலின் மூலக் கோப்புகளைத் தேடித் தரும்படி முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். அதுவரை திருத்த வேண்டிய பில்லை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடுகிறார்கள்.